வெயிலடித்தால் நிற்கும் காற்றாலை

மேலகரம்,
ஆகஸ்ட் 29.

மருமகன் கிங்ஸ்லிக்கு, மாமா அருமைநாயகம் அன்போடு எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அத்தையின் முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு. எனக்கு ஏழு வாரமாகச் சளி. அதற்குக் காரணம் நீங்கள்தான் என்றாலும் இந்தக் கடிதத்தில் அதைப் பற்றிக் குறை சொல்லப் போவதில்லை. சென்னையில் நீங்களும் ரூபியும் பேரன் ஜெனோவும் சுகமாக இருக்க நாள்தோறும் ஜெபிக்கிறோம். ஜெனோ வரைந்து அனுப்பிய காற்றாலைக்கு ஐந்து இறக்கை இருக்கிறது. மூன்றுதான் என்று அவனிடம் சொல்லுங்கள். நான் ஏழு வாரம் எண்ணியிருக்கிறேன்.

நாற்பது ஆண்டு செய்தி எழுதிய பழக்கத்தில் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் எண் காற்றாலையைக் கழற்றப் போவதில்லை என்று சங்கரபாண்டிக்கு நேற்று முன்தினம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவனைக் குஜராத்துக்கு மாற்றும் உத்தரவையும் நிறுத்திவிட்டார்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவனும் மனைவி மஞ்சுவும் கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி மேலகரம் வந்தார்கள். மஞ்சு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்தாளாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுவிட்டாள். உங்கள் அத்தை அந்தக் காற்றாலையைக் கண்ணால் பார்த்தது கிடையாது, இருந்தாலும் சேர்ந்து அழுதாள். குழந்தை மட்டும் அழவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை ஐந்து பேருடைய நன்றியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தொலைபேசியில் சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் மீட்டிங்கில் இருந்ததால் "ஓகே மாமா, நல்லது மாமா" என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிட்டீர்கள். என் நன்றி அதற்குள் அடங்காது. அதோடு, உங்கள் அறிக்கையில் எழுத முடியாத விவரங்கள் என்னிடம் நிறைய மிஞ்சியிருக்கின்றன. உங்கள் மேசைக்கு எண்களும் நான் அனுப்பிய பக்கங்களும்தான் வந்து சேர்ந்தன. இங்கே என்ன நடந்தது என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இயந்திர விஷயத்தில் நான் தப்பாகப் புரிந்துகொண்டது ஏதாவது இருந்தால் திருத்துங்கள்.

ஜூன் கடைசியில் நீங்கள் பேசியபோது சொன்னது இது. ஆலங்குளத்துக்கும் கடையத்துக்கும் இடையில் ஒரு கம்பெனிக்கு ஏழு காற்றாலைகள் இருக்கின்றன, எல்லாம் பழைய இயந்திரங்கள். இந்த வேகத்தில் காற்று அடித்தால் இவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு உண்டு. அவை உண்மையில் எவ்வளவு தருகின்றன என்று கணித்துச் சொல்வது உங்கள் வேலை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காற்றின் வேகத்தையும் மின்சாரத்தையும் அனுப்புகிற பெட்டியைப் போன ஆண்டுதான் பொருத்தினார்கள். வந்த எண்களைப் புள்ளியாக வைத்துப் பார்த்தால் ஆறு காற்றாலைகளின் புள்ளிகள் கோட்டின் மேல் ஒழுங்காக உட்காருகின்றன. ஏழாம் எண் மட்டும் சில மாலைகளில், நாலரை மணிக்கு மேல், காற்று உச்சத்தில் இருக்கும்போது பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. அங்கே இருக்கும் ஆப்பரேட்டர் சங்கரபாண்டி ரிஜிஸ்தரில் எழுதியிருந்தது இரண்டே வாக்கியம்: தானாக நின்றது. தானாக ஓடியது. நின்ற நாளெல்லாம் இதே இரண்டு வாக்கியம்தான்.

இதில் நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். மேகமூட்டமான நாட்களில் அது நிற்பதில்லை, வெயிலடித்தால்தான் நிற்கிறது. அங்கிருந்துதான் சிரமம் ஆரம்பித்தது. எண்ணெய் சூடாகிறது என்று எண்ணெயை மாற்றினார்கள். காற்றை அளக்கும் கருவி வெயிலில் குழம்புகிறது என்று அதை இரண்டு தடவை மாற்றி, மூன்றாவது தடவை அதற்கு ஒரு தகரத் தொப்பியும் வைத்தார்கள். தொப்பி வைத்த பிறகும் நின்றது. கடைசியில் கம்பெனியின் பெரிய இன்ஜினியர், காரணம் தெரியாமல் நிற்கிற இயந்திரம் நாளைக்குப் புயலில் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமலும் போகலாம், ஆகஸ்ட் முடிவதற்குள் காரணம் தெரியாவிட்டால் கழற்றி இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். மீதி ஆறையும் சுரண்டைப் பக்கத்து ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், சங்கரபாண்டி கட்ச் பாலைவனத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு. மஞ்சு கடையத்தில் அங்கன்வாடிப் பணியாளர். அவளால் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது.

இந்த நிலையில்தான் நீங்கள், "மாமா, உங்களுக்குப் பொழுது போகல்லன்னு ரூபி சொன்னா. அந்தக் காத்தாலைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்து, சுத்தி என்ன நடக்குதுன்னு மட்டும் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டீர்கள். எனக்கு 'சைட் அப்சர்வர்' என்று ஒரு கடிதமும் அனுப்பினீர்கள். அதை அத்தையிடம் படித்துக் காட்டியபோது, "அறுபத்தொம்பது வயசுல காத்தாடிக்குக் காவலா?" என்றுதான் கேட்டாள். ஆனால் மறுநாள் காலையில் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி ஊற்றி வைத்திருந்தாள். ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு குறிப்பேட்டோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிற சந்தோஷத்தை எனக்குக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு நன்றி. அதை மேலே சொன்ன ஐந்து பேர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜூலை 8-ஆம் தேதி வேலையில் சேர்ந்தேன். முதல் நாள் குடை போனது. மறந்து எங்கேயும் வைத்துவிட்டு வரவில்லை. விரித்த மறு வினாடி என் கையிலிருந்து கிளம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தரித் தோட்டம் ஒன்றைத் தாண்டி, பனைகளுக்கு நடுவே போய் மறைந்தது. இதையே முதல் பதிவாக எழுதிக்கொண்டேன்: பிற்பகல் 3.10, குடை, கிழக்கு நோக்கி. இரண்டாம் நாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி அதே பாதையில் போனது. அதை வேலியில் பிடித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் முதல் மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வயற்காட்டில் உட்கார்ந்து, அடிக்கடி வாட்சைப் பார்த்து நோட்டில் எழுதினால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நாலு வழிச் சாலைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள். ஒருவர் தன் கிணற்றைக் காட்டி, ரோடு அதன்மேல் வராமல் கொஞ்சம் வடக்கே ஒதுக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த வடக்குப் பக்கத்து நிலத்துக்காரர் மறுநாள் மோர் கொண்டுவந்து, தெற்கேதான் மண் கெட்டி என்றார். நான் காற்றாலையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சரி அண்ணாச்சி, வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கும்லா" என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அடுத்த ஐந்து நாளும் சாரல். இறக்கை சுற்றிக்கொண்டே இருந்தது, நான் நனைந்துகொண்டே இருந்தேன். சளி அப்போது பிடித்ததுதான். ஐந்து நாளும் குறிப்பேட்டில் 'நிற்கவில்லை' என்று எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுவதற்காகத் தொடர்ந்து ஐந்து நாள் பஸ் ஏறியது, அமைச்சர் வருகைகளைத் தவிர்த்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அந்த ஐந்தில் ஒரு நாள்தான் பெரிய இன்ஜினியர் குடும்பத்தோடு வந்தார். பத்து நிமிடம் மழைக்கோட்டோடு அண்ணாந்து பார்த்தார், இயந்திரம் நன்றாகத்தானே ஓடுகிறது என்றார், குற்றாலத்தில் மெயின் அருவியில் கூட்டம் எப்படி, ஐந்தருவிக்குப் போனால் பரவாயில்லையா என்று என்னிடம் கேட்டார். நான் பழைய குற்றாலத்தைச் சொன்னேன். அதன் பிறகு ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான்கு ஆண்டாக இந்த இயந்திரத்தைச் சோதிக்க வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் அருவியில் தண்ணீர் விழுகிற சாரல் நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். கோளாறு வெயிலுக்கு மட்டும் வருகிறது, அதைப் பார்க்கிறவர்கள் சாரலுக்கு மட்டும் வருகிறார்கள். இரண்டும் எந்தக் காலத்தில் சந்தித்துக்கொள்ளும்?

ஜூலை 17-ஆம் தேதி மேகம் விலகியது. அன்று மாலை 4.36-க்கு ஏழாம் எண் நின்றது. மற்ற ஆறு காற்றாலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. நான் வேகமாகப் போய்ப் பார்த்தபோது கோபுரத்தின் அடியில் சங்கரபாண்டி நின்றுகொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள், யாரையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டான். "தானா நின்னுட்டு அண்ணாச்சி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நான் நம்பினேன். நம்பி, அடுத்த மூன்று வெயில் நாளும் மயில்கள் கம்பியில் உட்காருகின்றனவா, அரிசி ஆலையை எப்போது ஓட்டுகிறார்கள், கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பிக்கிறது என்று மூன்று பத்தி போட்டுக் குறித்தேன். மயில் எண்ணிக்கைக்கும் மின்சாரத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக உங்களுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பியது நினைவிருக்கும். நீங்கள் மரியாதையோடு அதற்கும் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தீர்கள் என்று ரூபி சொன்னாள். வெட்கமாக இருக்கிறது, நன்றியாகவும் இருக்கிறது.

ஜூலை 23-ஆம் தேதி நாற்காலி மறுபடியும் போனது. இந்தத் தடவை வேலியைத் தாண்டிக் கோபுரத்துக்குக் கிழக்கே நூறு எட்டுத் தள்ளி ஒரு மாட்டுக் கொட்டகை முற்றத்தில் போய் விழுந்தது. எனக்குத் திரும்ப இழுத்துவரத் தெம்பு இல்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாலரை மணி இருக்கும். முற்றத்தின் ஓரத்தில் காற்றாலை இறக்கையின் நிழல் வந்தது. மருமகனே, நான் பதினைந்து நாளாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், தரையைப் பார்க்கவில்லை. குற்றால சீசன் நேரத்தில் காற்று மேற்கேயிருந்து வருகிறது, அந்நேரத்துச் சூரியனும் மேற்கே இருக்கிறது. காற்றுக்கு முகம் காட்டி நிற்கிற இறக்கை சூரியனுக்கும் முகம் காட்டி நிற்கிறது. அதன் முழு வட்டமும் அப்படியே கிழக்கே வந்து விழுகிறது. நிமிடத்துக்கு நூற்று இருபது தடவை ஒரு கறுப்பு வாள் முற்றத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது. நானே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். அப்போது கொட்டகைக்கு உள்ளேயிருந்து உலகம்மை என்ற அம்மாள் தூக்குவாளியோடு வந்தார். கோபுரத்தைப் பார்த்துத் தலைத்துண்டை ஒரு தடவை வீசினார். ஏழாம் எண் நின்றது. நான்கு எருமைகளையும் நிதானமாகக் கறந்து முடித்தார். மறுபடியும் துண்டை வீசினார். ஏழாம் எண் ஓடியது.

நான் இரண்டு நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு, அது எப்படி நீங்கள் துண்டை வீசினதும் நிற்கிறது என்று கேட்டேன்.

"நிக்காட்டா எப்படிக் கறக்க? நாலு வருசமா இப்படித்தான நடக்கு. ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க கம்பெனி ஆளுன்னுல்லா சொன்னாங்க?"

அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியாது. ஒன்பது இன்ஜினியர்களில் ஒருவராவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். நான்கு ஆண்டுக்கு முன்னால் இந்தக் கொட்டகையைப் போட்ட முதல் ஆனி மாதத்தில் நிழலைக் கண்டு மிரண்ட எருமை, கறந்துகொண்டிருந்த அவர் கணவர் தளவாயின் முழங்காலில் உதைத்திருக்கிறது. அவர் இன்றுவரை சற்று விந்தித்தான் நடக்கிறார். பால் சொசைட்டி வண்டி சரியாக ஆறு மணிக்கு வரும், அதற்கு முன்னால் கறந்தாக வேண்டும்; நிழலோ நாலரைக்கு மேல் வந்தால் ஐந்தே முக்கால் வரை முற்றத்தை விட்டுப் போகாது. ஆகவே அந்த அம்மாள் கோபுரத்தடிக்குப் போய்ச் சங்கரபாண்டியைக் கேட்டார். அவன் பொத்தானை அமுக்கினான். அன்று தொடங்கிய வழக்கம், ஆனி ஆடியில் வெயில் அடிக்கும் நாளெல்லாம்; நடையை மிச்சப்படுத்தத் துண்டு வீசுவதையே சைகையாக வைத்துக்கொண்டார்கள். சாரல் நாளில் நிழல் விழாது, ஆகவே நிறுத்தத் தேவை இல்லை. எருமையை வேறு இடத்தில் கட்டக் கூடாதா என்று நான் கேட்டது தப்பாகிவிட்டது.

"அதுக்குத் தண்ணித் தொட்டி இங்கன, கூளம் இங்கன, கூரை இங்கன. கொண்டுபோயி எங்கன கட்டச் சொல்லுதீங்க? அங்கன காத்தாடிக்குப் பொத்தான் இருக்கு, அமுக்குனா நிக்கும். எருமைக்குப் பொத்தான் இருக்கா அண்ணாச்சி?"

சங்கரபாண்டி அதற்குள் வேலிப் பக்கம் வந்து நின்றிருந்தான். நான் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுதப் போகிறீர்களா என்று கேட்டான். எழுதத்தான் வந்திருக்கிறேன் என்றேன். ஏன் உள்ளதை எழுதாமல் ஆண்டுக்கணக்கில் 'தானாக நின்றது' என்று எழுதினாய் என்று கேட்டேன். முதல் தடவை உண்மையை எழுதத்தான் பேனாவை எடுத்தானாம். காரணம் எழுத ரிஜிஸ்தரில் அரை அங்குல இடம்தான் இருந்தது. அதில் 'எருமை' என்ற வார்த்தை மட்டும்தான் கொள்ளும். வெறுமனே 'எருமை' என்று எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்பப் பயந்து, அதே இடத்தில் கொள்ளுகிற 'தானாக' என்ற வார்த்தையை எழுதிவிட்டான். ஒரு நாள் எழுதியதை மறுநாள் மாற்ற முடியவில்லை.

"உள்ளத எழுதுனீங்கன்னா வேல போயிரும். எழுதலன்னா காத்தாடி போயிரும், நான் கட்ச்சுக்குப் போயிருவேன், மஞ்சுவும் பிள்ளையும் இங்கன கெடப்பாங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்கமேல வருத்தப்பட மாட்டேன்."

வருத்தப்பட மாட்டேன் என்று அவன் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு நாள் நான் தளத்துக்குப் போகவில்லை. நாற்பது ஆண்டில் தெரிந்த ஒரு விஷயத்தை மறைத்து எழுதியது கிடையாது. எழுதி ஒருவனுடைய சோற்றில் மண் போட்டதும், எனக்குத் தெரிந்தவரை, கிடையாது. சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை அத்தை கவனித்து, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். "நீங்க பேப்பருக்கா எழுதுதீங்க? மருமகனுக்குத்தான? உள்ளத உள்ளபடி எழுதுங்க. என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியும். தெரியாட்டா ரூபி சொல்லுவா" என்றாள். அப்படித்தான் அந்தப் பதினோரு பக்கம் உங்களுக்கு வந்தது.

இனி உங்களைப் பற்றி உங்களுக்கே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டு நீங்கள் கூப்பிட்டீர்கள். கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ கொட்டகை சரியாக எத்தனை எட்டு, எந்தத் திசை, முற்றம் எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்டீர்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சூரியன் போகும் பாதையைக் கணக்கிட்டு, நாளைக்கு நிழல் 4.41-க்கு முற்றத்தைத் தொடும் என்று சொன்னீர்கள். நான் வாட்சோடு போய் நின்றேன். 4.42-க்குத் தொட்டது. வீட்டுக்கு வந்து ரேடியோவில் சரிபார்த்தபோது என் வாட்ச்தான் ஒரு நிமிடம் அதிகம். அதன் பிறகு எருமை கறந்த நேரங்களையெல்லாம் கழித்துவிட்டுப் புள்ளிகளைப் போட்டுப் பார்த்தால், ஏழாம் எண் கோட்டின்மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது என்றும், சொல்லப்போனால் நாலாம் எண்ணைவிட நன்றாக ஓடுகிறது என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டுச் சங்கரபாண்டி காற்றாலையைத் தட்டிக்கொடுத்தான். நாலாம் எண்ணும் அவன் பொறுப்புதான் என்பது அவனுக்கு அப்போது நினைவில்லை.

உங்கள் அறிக்கையின் நகலைச் சங்கரபாண்டி கொண்டுவந்து காட்டினான். இயந்திரத்தில் கோளாறு இல்லை. மாலை நிழல் பக்கத்துக் கறவை முற்றத்தில் விழுவதால் ஆப்பரேட்டர் கையால் நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முறைப்படி நிறுத்தி முறைப்படி ஓட்டியதால் இயந்திரத்துக்குச் சேதம் இல்லை. ரிஜிஸ்தரில் காரணம் எழுதாதது தவறு, எச்சரிக்கை போதும். முற்றத்தின் மேற்கே மறைப்பு கட்டினால் நிறுத்தவே தேவையில்லை. பொய் ஒரு வரி கூட இல்லை, ஆளைக் கெடுக்கிற வரியும் இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி எழுதத் தெரிந்த துணை ஆசிரியர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

மறைப்புக்குக் கம்பெனி முதலில் தகரம் அனுப்பியது. அது ஒரே நாளில் என் குடை போன வழியே போனது. பிறகு தளவாய் எட்டடி உயரத்தில் பனையோலைத் தட்டி கட்டினார். ஆகஸ்ட் 14-ஆம் தேதி நல்ல வெயில். நீங்கள் சொன்னபடி பெரிய இன்ஜினியர் வேறு வழியில்லாமல் அந்த வெயிலில் வந்தார். நாலரை முதல் ஆறு வரை நாங்கள் அனைவரும் நின்று பார்த்தோம். ஏழாம் எண் ஒரு வினாடி நிற்கவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் நிழல் வரவில்லை. நான்கு எருமையும் கால் மாற்றி வைக்காமல் கறந்தன. உலகம்மை எல்லோருக்கும் காபி கொடுத்தார். இன்ஜினியர் தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா விஷயம்" என்று மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் உலகம்மை "இவ்வளவுதான்" என்றார்.

இப்போது ஏழு காற்றாலையும் நிற்காமல் ஓடுகின்றன. சங்கரபாண்டி இனிமேல் கையால் நிறுத்தினால் உண்மைக் காரணத்தை எழுத வேண்டும், எழுதத் தவறினால் அடுத்தது எச்சரிக்கையாக இருக்காது என்று அவன் கடிதத்தில் இருக்கிறது. இனி நிறுத்துகிற அவசியம் வராது என்று அவன் மஞ்சுவின் முன்னால் எனக்கு வாக்குக் கொடுத்தான். என் பணியும் நாளை மறுநாளோடு முடிகிறது. நாளைக்கு ஒரு தடவை போய், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, நாற்காலியை எடுத்துவர வேண்டும்.

உங்கள் கையில் உள்ள தொழிலைக் கர்த்தர் இன்னும் ஆசீர்வதிப்பாராக. ரூபியைக் கேட்டதாகச் சொல்லுங்கள், ஜெனோவுக்கு எங்கள் முத்தங்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஏழாம் எண்ணைக் காட்ட அழைத்துப்போகிறேன். அத்தை தன் வாழ்த்தைத் தனியாகச் சொல்லச் சொன்னாள். இது அவளுடைய வாழ்த்து.

என்றும் நன்றியுள்ள மாமா,
அருமைநாயகம்

பின்குறிப்பு (ஆகஸ்ட் 30, மாலை): கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று. இன்று தளத்துக்குப் போனேன், நல்ல வெயில். முற்றத்தில் தட்டி நிற்கிறது, நிழலைத்தான் காணோம். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் தெற்கே தள்ளிப் போவதால் நிழல் வடக்கே இருபது எட்டு நகர்ந்திருக்கிறது. நீங்கள் முன்பே கணக்கிட்டிருப்பீர்கள். அங்கே என்ன இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அங்கே ஒரு மைதானம் இருக்கிறது. ஊரில் பாதி வீடுகளில் போலீஸ் அல்லது பட்டாளம்; அடுத்து சேரப் போகிறவர்கள் மாலையில் அங்கேதான் ஓடித் தாண்டிப் பழகுகிறார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை போலீஸ் வேலைக்குப் பெண்களுக்கு உடல்தகுதித் தேர்வாம். முத்துசெல்வி என்ற பெண் நீளம் தாண்ட ஓடி வருகிறாள், ஓடுபாதை முழுக்க இறக்கை நிழல் வெட்டுகிறது, மிதிக்க வேண்டிய பலகை எது, நிழல் எது என்று தெரியாமல் ஆறு தடவையும் கால் தப்பியது. அவள் நேராகச் சங்கரபாண்டியிடம் போனாள். "எருமைக்கு நாலு வருசம் நிறுத்துனீங்கல்லாண்ணே? எங்களுக்கு நாலு நாளு நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் நிறுத்து என்று சொன்னேன். 5.08 முதல் 5.41 வரை ஏழாம் எண் நின்றது. முத்துசெல்வி அதற்குள் ஐந்து தடவை தாண்டினாள், ஐந்தும் சரி. காரணம் எழுதும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று சங்கரபாண்டி பேனாவோடு நின்றான். பேனாவை வாங்கி நானே எழுதினேன்: 'சைட் அப்சர்வர் உத்தரவு.' அரை அங்குலத்தில் நெருக்கி எழுதினால் கொள்கிறது. கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். ஆகவே உங்கள் அறிக்கையில் இனி யாரையாவது எச்சரிக்க வேண்டியிருந்தால் விலாசம் உங்களிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரை பொறுத்து எச்சரித்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.